வாங்கிய புட் ஆப்ஷனை 'எக்ஸர்சைஸ் வேண்டாம்' என்று சொல்ல முடியுமா?

கேள்வி பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்திருக்கிறது. கேட்டவர் ஒரு பங்கில் ஒரு லாட் புட் ஆப்ஷன், அதாவது ஒரு கட்டுப் பங்கைக் குறித்த விலைக்கு விற்கும் உரிமையை, வாங்கி வைத்திருந்தார். அந்த உரிமையைப் பயன்படுத்துவதுதான் எக்ஸர்சைஸ். ஆப்ஷன் முடியும் நாளான எக்ஸ்பைரி அன்று மதியம் பிரீமியம் (ஆப்ஷனின் விலை) 5 பைசாவுக்கு வந்ததும், இனி அது செல்லாக்காசு என்று விட்டுவிட்டார். மாலையில் பார்த்தால் அது சில பைசா ஐடிஎம்மில், அதாவது எக்ஸர்சைஸ் செய்தால் லாபம் தரும் நிலையில், முடிந்திருக்கிறது. கையில் இல்லாத பங்கை டெலிவரி கொடுக்க வேண்டும் என்று புரோக்கர் சொல்கிறார். "எக்ஸர்சைஸ் வேண்டாம் என்று சொல்கிற வசதி முன்பு இருந்ததாமே, அதை ஏன் எடுத்தார்கள்? இந்த விதிகளை யார் மாற்றுகிறார்கள்? திரும்ப வருமா? அதுவரை நான் என்ன செய்ய வேண்டும்?"

முதலில் நேரடிப் பதில்: முடியாது. தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயின் பங்கு ஆப்ஷன்களில் அந்த வசதி 2023 மார்ச் 30 எக்ஸ்பைரியோடு நின்றுவிட்டது. ஐடிஎம்மில் முடிகிற ஒவ்வொரு ஆப்ஷனும், 5 பைசா ஐடிஎம் ஆனாலும், தானாகவே எக்ஸர்சைஸ் ஆகும். வேண்டாம் என்றால் சந்தை மூடுவதற்குள் பொசிஷனை, அதாவது கையில் இருக்கும் ஆப்ஷனை, விற்று முடித்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

இது ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று புரிய வேண்டுமானால் உங்கள் பக்கத்து முதலமடையைப் பாருங்கள். மாந்தோப்பில் பூ பிடித்த சமயத்தில் வியாபாரி அட்வான்ஸ் கொடுத்து விலை பேசி வைக்கிறார். சீசனில் விலை ஏறினால் பேசிய விலைக்குக் காய் எடுக்கிறார். விலை விழுந்தால் அட்வான்ஸ் போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறார். அவருடைய அதிகபட்ச நஷ்டம் அட்வான்ஸ் தொகைதான். ஆப்ஷன் வாங்குவதும் இப்படித்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் இன்றைய விதிப்படி, பேசிய விலையைவிடச் சந்தை விலை ஒரு பைசா சாதகமாக இருந்தாலும் வியாபாரி லாரியோடு வந்து முழுத் தோப்பின் காயையும் ஏற்றியே ஆக வேண்டும், முழுப் பணமும் எண்ணி வைக்க வேண்டும். உரிமை என்று சொல்லி விற்ற பொருள் கடைசி நாளில் கடமையாகிவிடுகிறது. என் பார்வையில் சிக்கலின் வேர் இதுதான். மற்ற விதிமாற்றங்கள் எல்லாம் இந்தக் கடமையை யார் தலையில் வைப்பது என்பதைப் பற்றியவை.

எப்படி இங்கே வந்தோம்? என்எஸ்இ 2001 ஜூலையில் பங்கு ஆப்ஷன்களைத் தொடங்கியபோது அவை அமெரிக்க வகை. வாங்கியவர் எக்ஸ்பைரிக்கு முன்பே எந்த நாளிலும் எக்ஸர்சைஸ் செய்யலாம். 2011 ஜனவரி கான்ட்ராக்ட் முதல் ஐரோப்பிய வகைக்கு மாற்றினார்கள். எக்ஸ்பைரி நாளில் மட்டும்தான் எக்ஸர்சைஸ். விற்றவர்களுக்கு அது நிம்மதி. நடுவழியில் திடீரென்று அசைன்மென்ட் (எக்ஸர்சைஸ் ஆனதை நிறைவேற்றும் பொறுப்பு) வராது. அப்போது கணக்குத் தீர்வு எல்லாம் பணத்தில்தான். 40 பைசா ஐடிஎம் என்றால் 40 பைசா வரும், கதை முடிந்தது. அதிலும் ஒரு பொறி இருந்தது. எக்ஸர்சைஸ் ஆன ஆப்ஷனுக்கு எஸ்டிடி எனும் பங்கு வர்த்தக வரி, கிடைத்த லாபத்தின் மேல் இல்லாமல் முழுக் கான்ட்ராக்ட் மதிப்பின் மேல் 0.125 சதவீதம் விழுந்தது. லாபத்தைவிட வரி பெரிதாகிப் பலர் மாட்டினார்கள். 2019 செப்டம்பர் 1 முதல்தான் அதை உள்ளார்ந்த மதிப்பின் (பேசிய விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தின்) மேல் மட்டும் என்று திருத்தினார்கள்.

அதற்குள் பெரிய மாற்றம் வந்துவிட்டது. 2018 ஏப்ரலில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி சுற்றறிக்கை விட்டு, பங்கு டெரிவேட்டிவ்களை (ஆப்ஷன், ஃப்யூச்சர் போன்றவற்றை) படிப்படியாக டெலிவரித் தீர்வுக்கு, அதாவது பங்கையே கொடுத்து வாங்கும் முறைக்கு, கொண்டுவரச் சொன்னது. 2018 ஜூலை எக்ஸ்பைரியில் சில பங்குகளோடு தொடங்கி, 2019 அக்டோபர் எக்ஸ்பைரியில் எல்லாப் பங்குகளும் அதற்குள் வந்தன. நிஃப்டி போன்ற இண்டெக்ஸ் (சந்தைக் குறியீட்டு) ஆப்ஷன்கள் இன்னும் பணத் தீர்வுதான். இண்டெக்ஸில் பழகிவிட்டுப் பங்கு ஆப்ஷனுக்கு வருபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

இப்போது ஒரு லாட்டைப் பிரித்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்கு மட்டும். ஸ்டிரைக் (பேசிய விலை) 480, லாட் 1,250 பங்கு, கான்ட்ராக்ட் மதிப்பு 6,00,000 ரூபாய். பிரீமியம் 2 ரூபாய், அதாவது நீங்கள் போட்டது 2,500 ரூபாய். பங்கு 479.60-ல் முடிகிறது. புட் 40 பைசா ஐடிஎம், லாபம் 500 ரூபாய். இனி நீங்கள் 1,250 பங்குகளைக் கொடுக்க வேண்டும், 6,00,000 ரூபாய் வாங்கிக்கொள்ள வேண்டும். பங்கு உங்கள் டிமேட்டில் இருந்து கொடுத்தாலும் டெலிவரிக்கான எஸ்டிடி 0.1 சதவீதம், அதாவது 600 ரூபாய். 500 ரூபாய் லாபம் அங்கேயே முடிந்தது. மேலே புரோக்கர் கட்டணம். டெலிவரித் தீர்வுக்குப் பல புரோக்கர்கள் வழக்கமான 20 ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு முழு மதிப்பின் மேல் வாங்குகிறார்கள். 0.25 சதவீதம் என்று வைத்தால் 1,500 ரூபாய்.

பங்கு கையில் இல்லையென்றால் அது ஷார்ட் டெலிவரி. வர்த்தகங்களைத் தீர்த்து வைக்கும் கிளியரிங் கார்ப்பரேஷன் ஏலத்தில் வாங்கி எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும், அந்த விலையை உங்கள் தலையில் எழுதும். ஏலத்தில் 492 ரூபாய்க்குக் கிடைத்தால் 6,15,000 ரூபாய் பற்று, 6,00,000 வரவு. 15,000 ரூபாய் போயிற்று, அபராதம் தனி. 2,500 ரூபாய் போட்டவருக்கு 15,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம் வருவது இப்படித்தான். வாங்கியது கால் ஆப்ஷனாக (குறித்த விலைக்கு வாங்கும் உரிமையாக) இருந்தால் கணக்கு வேறு: 6,00,000 ரூபாய் கொண்டுவந்து பங்கை எடுக்க வேண்டும். அங்கே பணம் புரட்டும் சிக்கல். ஆனால் பங்கு கையில் வந்துவிடும், மறுநாள் விற்கலாம். அதனால் புட் வாங்கியவர் நிலைதான் மோசம்.

"திரையில் 3.30-க்கு 481 காட்டியதே, எப்படி ஐடிஎம் ஆனது?" என்பது அடுத்து வரும் கேள்வி. இறுதித் தீர்வு விலை கடைசியாக நடந்த டிரேடின் விலை அல்ல. எக்ஸ்பைரி நாளில் ரொக்கச் சந்தையில் 3 மணி முதல் 3.30 வரை நடந்த வர்த்தகத்தின் எடையிட்ட சராசரி அது. 3.05-க்கு 478-ல் பெரிய அளவில் கைமாறி, 3.28-க்கு 481 ஆனாலும் சராசரி 479.60-ல் நிற்கலாம். ஸ்டிரைக்கை ஒட்டி விலை ஆடும்போது கடைசி நிமிடம் வரை எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் விற்கப் போனால் வாங்குபவர் வரிசையே காலியாக இருக்கும். 5 பைசாவுக்கும் கேட்க ஆளில்லை, ஏனென்றால் வாங்குகிறவருக்கும் அதே டெலிவரிப் பொறுப்பு. ஐடிஎம் ஆப்ஷன்கள்கூடக் கடைசி மணி நேரத்தில் உள்ளார்ந்த மதிப்பைவிடக் குறைந்த விலைக்குத்தான் போகும்.

இந்தக் குறைக்குத்தான் 'எக்ஸர்சைஸ் வேண்டாம்' வசதி இருந்தது. ஸ்பாட் விலையை (பங்கின் அன்றைய சந்தை விலையை) ஒட்டிய சில ஸ்டிரைக்குகளுக்கு மட்டும், சந்தை முடிந்தபின் புரோக்கர் வழியாகச் சொல்லிவிடலாம். 2021 அக்டோபரில் அதை எடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் எக்ஸ்பைரியிலேயே ஹிண்டால்கோ புட் வைத்திருந்தவர்கள், விலை கடைசியில் ஸ்டிரைக்கைத் தாண்டி நழுவியதில் பெரும் நஷ்டப்பட்டார்கள். புரோக்கர்கள் வெளிப்படையாகவே குரல் கொடுத்தார்கள். 2022 ஏப்ரல் எக்ஸ்பைரியில் வசதி திரும்பியது. 2023 மார்ச்சில் மறுபடி போனது. ஒன்றரை ஆண்டில் மூன்று முறை மாறிய விதி என்றால், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று அர்த்தம். வாங்கியவர் பக்கத்தைப் பார்த்தோம். விற்றவர் பக்கத்தையும் பார்க்காமல் இதைப் பேசக் கூடாது.

ஒருவர் 480 புட் வாங்கி, 470 புட் விற்றிருக்கிறார். ஒன்றை வாங்கி ஒன்றை விற்று நஷ்டத்துக்கு எல்லை வைக்கும் ஸ்பிரெட் இது. பங்கு 465-ல் முடிகிறது. இரண்டு புட்டும் ஐடிஎம். 480-ல் 1,250 பங்கு கொடுக்க வேண்டும், 470-ல் 1,250 பங்கு வாங்க வேண்டும். ஒன்றுக்கொன்று கழிந்து, பங்கு எதுவும் அசையாமல் 10 ரூபாய் வித்தியாசம், 12,500 ரூபாய் கையில் வரும். எல்லா ஐடிஎம்மும் கட்டாயம் எக்ஸர்சைஸ் ஆனால் இந்தக் கணக்கு பிசகாது. ஆனால் 470 புட் வாங்கிய சிலர் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால்? மீதமுள்ள எக்ஸர்சைஸ்களை விற்றவர்களுக்குள் குலுக்கல் முறையில்தான் ஒதுக்குவார்கள். நம்முடைய ஆளுக்கு அசைன்மென்ட் வராமல் போகலாம். அவருடைய 480 புட்டோ எக்ஸர்சைஸ் ஆகிவிடும். இப்போது 1,250 பங்கு கொடுக்க வேண்டும், வாங்க வேண்டியது பூஜ்யம். சந்தை மூடிவிட்டது. முறையாக ஹெட்ஜ் (நஷ்டத்துக்குத் தடுப்பு) செய்தவர் ஷார்ட் டெலிவரியில் நிற்கிறார். ஆக, வசதி இருந்தால் ஆபத்து விற்றவரிடமும் ஸ்பிரெட் வைத்தவரிடமும். வசதி இல்லையென்றால் வெறும் புட் வாங்கிய சிறு முதலீட்டாளரிடம்.

அமெரிக்காவில் இதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது ஒப்பிட உதவும். அங்கே 2008 முதல் ஒரு சென்ட் ஐடிஎம் ஆனாலும் ஆப்ஷன் தீர்வு நிறுவனமான ஓசிசி தானாக எக்ஸர்சைஸ் செய்யும். ஆனால் வாங்கியவர் மாற்றிச் சொல்லலாம். 4 மணிக்குச் சந்தை மூடினாலும் கிழக்கு நேரம் மாலை 5.30 வரை அவகாசம். புரோக்கர்கள் அதற்கு முன்பே தங்கள் கெடுவை வைத்துக்கொள்வார்கள். அசைன்மென்ட் வருமா வராதா என்ற நிச்சயமின்மையை அங்கே விற்றவர் சுமக்கிறார். பிரீமியம் வாங்கியது அதற்கும் சேர்த்துத்தான் என்பது அங்குள்ள புரிதல். எனக்கு அந்தப் பக்கம்தான் சரி என்று படுகிறது. இருந்தாலும் மூடியபின் சொல்கிற முறையை இங்கே அப்படியே கொண்டுவந்தால் ஸ்பிரெட் வைத்தவர்கள் மறுபடி மாட்டுவார்கள்.

நடைமுறைக்கு ஒத்து வரும் ஒரு திருத்தம் இருக்கிறது: சந்தை நடக்கும்போதே, 3 மணிக்குள், 'இந்த ஆப்ஷனைக் கைவிடுகிறேன்' என்று திரும்பப் பெற முடியாதபடி எழுதிக்கொடுக்க விடுவது. பணம் எதுவும் வேண்டாம், பொறுப்பும் வேண்டாம். கைவிட்ட அளவுக்கு விற்றவர்களில் குலுக்கி எடுத்து, 3.05-க்குள் அவர்கள் பொசிஷனை விடுவித்துவிடலாம். ஸ்பிரெட் வைத்தவருக்கு ஒரு பக்கத்து ஆப்ஷன் விடுபட்டாலும் மற்றதை முடிக்க அவருக்கு 25 நிமிடம் இருக்கும். 5 பைசாவுக்கும் ஆள் கிடைக்காமல் மாட்டிக்கொள்கிற கேள்விக்காரர் போன்றவர்களுக்கு இதுவே போதும்.

விதியை யார் மாற்றுகிறார்கள் என்பதற்கு வருவோம். எக்ஸ்சேஞ்சின் அடிப்படை துணை விதிகள் 1956-ஆம் ஆண்டு செக்யூரிட்டீஸ் கான்ட்ராக்ட்ஸ் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றுக்குச் செபி ஒப்புதல் வேண்டும். டெலிவரித் தீர்வு போன்ற கொள்கை முடிவுகள் செபியின் சுற்றறிக்கையாக வரும். எக்ஸர்சைஸ் வசதி, மார்ஜின் (கட்டி வைக்க வேண்டிய பிணைத்தொகை) அட்டவணை போன்ற அன்றாட விஷயங்கள் என்எஸ்இ அல்லது என்எஸ்இ கிளியரிங்கின் சுற்றறிக்கையில் மாறும். அமெரிக்காவில் எக்ஸ்சேஞ்ச் ஒரு விதியை மாற்ற நினைத்தால் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்குள்ள கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசியிடம் தாக்கல் செய்ய வேண்டும். அது அரசிதழில் வெளியாகும், வழக்கமாக 21 நாள் பொதுக் கருத்து, 45 நாளில் முடிவு, தேவைப்பட்டால் 90 நாள். நம் நாட்டில் சுற்றறிக்கை வழியாக வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அப்படியொரு கட்டாயக் கருத்துக் கேட்பு இல்லை. செபி ஆலோசனை அறிக்கை வெளியிடும்போது மட்டும் யார் வேண்டுமானாலும் அதன் இணையதளத்தில் எழுதலாம். தமிழ்நாட்டு எல்லையில் இருந்தாலும் கேரளத்தில் இருந்தாலும் அதற்குத் தடையில்லை. எழுதும்போது "கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள். லாட், ஸ்டிரைக், தீர்வு விலை, வந்த பற்று என்று மேலே பார்த்தது போல் கணக்கோடு எழுதுங்கள், மாற்று ஏற்பாடும் சொல்லுங்கள்.

சுற்றறிக்கை வந்தால் தலைப்பை மட்டும் படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் பெரிய தவறு. எந்த எக்ஸ்பைரியிலிருந்து அமல், ஏற்கெனவே திறந்திருக்கும் கான்ட்ராக்டுக்கும் பொருந்துமா, முந்தைய எந்தச் சுற்றறிக்கையைத் திருத்துகிறது, இணைப்பில் அட்டவணை உண்டா, இந்த நான்கையும் பாருங்கள். எக்ஸ்பைரி நாளே மாறியது ஞாபகம் இருக்கும்: 2025 செப்டம்பர் முதல் என்எஸ்இ பங்கு ஆப்ஷன்கள் மாதக் கடைசிச் செவ்வாயில் முடிகின்றன, அதற்கு முன் கடைசி வியாழன். பழைய வியாழக் கணக்கிலேயே இருந்தவர்களுக்குப் பல மாதங்களில் இரண்டு நாள் குறைந்துவிட்டது.

இனி உங்கள் கையில் இருப்பது. வாங்கிய ஆப்ஷன் ஐடிஎம்மில் இருந்தால் எக்ஸ்பைரிக்கு நான்கு நாள் முன்பிருந்தே டெலிவரி மார்ஜின் ஏறத் தொடங்கும். செவ்வாய் எக்ஸ்பைரி, நடுவில் விடுமுறை இல்லை என்றால் முந்தைய புதன் முடிவில் 10 சதவீதம், வியாழன் 25, வெள்ளி 45, திங்கள் 70. இது கான்ட்ராக்ட் மதிப்பின் சதவீதம் அல்ல, அந்தப் பங்குக்கான வார் மார்ஜினும் (விலை எவ்வளவு ஆடக்கூடும் என்று கணக்கிட்டு வைக்கும் பிணைத்தொகை) அதன் கூட்டல்களும் சேர்ந்த தொகையின் சதவீதம். அந்தத் தொகை 20 சதவீதம் என்று வைத்தால் 6,00,000-க்கு 1,20,000. புதன் 12,000, வியாழன் 30,000, வெள்ளி 54,000, திங்கள் 84,000. 2,500 ரூபாய் போட்ட பொசிஷனுக்குத் திங்கள்கிழமை 84,000 கேட்டு மெசேஜ் வந்தால் அது புரோக்கரின் பிழை அல்ல. கட்டவில்லையென்றால் அவர்களே ஸ்கொயர் ஆஃப் செய்து பொசிஷனை முடித்துவிடலாம், வரும் விலைக்கு. எத்தனை மணிக்குச் செய்வார்கள் என்பது ஒவ்வொரு புரோக்கருக்கும் வேறு. அவர்களுடைய ரிஸ்க் கொள்கைப் பக்கத்தில் இருக்கும். கணக்குத் திறந்த அன்றே படித்து வைக்க வேண்டியது அது.

ஓடிஎம்மில் (எக்ஸர்சைஸ் செய்தால் லாபம் தராத நிலையில்) இருக்கும் ஆப்ஷனுக்கு இந்த மார்ஜின் வராது, எச்சரிக்கையும் வராது. ஸ்டிரைக்கிலிருந்து ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் பங்கு இருந்தால் அதைத்தான் பயப்பட வேண்டும். அப்படிப்பட்டதை வெள்ளிக்கிழமையே, தப்பினால் திங்கள் காலையில், கிடைத்த விலைக்கு விற்றுவிடுங்கள். செவ்வாய் மதியம் 5 பைசா, 10 பைசா காப்பாற்றப் போய் 15,000 ரூபாய்க்கு நிற்க வேண்டாம். வாங்க ஆளில்லை என்றால் ஆர்டர் போட்டுவிட்டு மறக்காதீர்கள். நிறைவேறியதா என்று பொசிஷன் பக்கத்தில் பூஜ்யம் பார்த்தபிறகே எழுந்து போங்கள்.

ஆழமாக ஐடிஎம்மில் இருக்கும் புட்டுக்கு நல்ல விலை கிடைக்காதபோது ஒரு வழி உண்டு. ஸ்டிரைக் 480, பங்கு 440 என்று வையுங்கள். உள்ளார்ந்த மதிப்பு 40, ஆனால் வாங்குபவர் தருகிற விலை 37. அப்படியே விற்றால் 3,750 ரூபாய் விட வேண்டும். அதே மாத ஃப்யூச்சர் (எக்ஸ்பைரியில் பங்கை வாங்கியே ஆக வேண்டிய ஒப்பந்தம்) ஒரு லாட் 440.20-க்கு வாங்கினால், புட்டில் கொடுக்க வேண்டிய 1,250-ம் ஃப்யூச்சரில் வாங்க வேண்டிய 1,250-ம் கழிந்துவிடும். பங்குக்கு 39.80 உறுதியாகிறது. ஃப்யூச்சருக்கான மார்ஜின் கையில் வேண்டும். இதை ஸ்டிரைக்கை ஒட்டிய புட்டுக்குச் செய்யாதீர்கள். புட் கடைசியில் ஓடிஎம் ஆகிவிட்டால் ஃப்யூச்சர் மட்டும் மிஞ்சி, 1,250 பங்கை முழுப் பணம் கொடுத்து எடுக்க வேண்டிவரும்.

பங்கைக் கொடுத்தே முடிக்க நினைத்தால் அது டிமேட்டில் தடையில்லாமல் இருக்க வேண்டும். மார்ஜினுக்கு அடகு வைத்த பங்கு செல்லாது. அடகு நீக்கம் ஒரு நாள் எடுக்கலாம் என்று கணக்கிடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் திங்களே வாங்குங்கள், செவ்வாய் கணக்கில் வந்துவிடும்.

கேரளத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஓணம் வாரத்தில் சில நாள் கேரள வங்கிக் கிளைகள் மூடியிருக்கும், எக்ஸ்சேஞ்ச் நடக்கும். கோயம்புத்தூர் புரோக்கருக்கு விடுமுறையே இல்லை. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டும் இப்போது எல்லா நாளும் நடப்பதால் நெட் பேங்கிங் இருந்தால் பயமில்லை. செக் கொடுத்துப் பழகியவர்களும், தினசரி யுபிஐ வரம்பில் 84,000 போகுமா என்று பார்க்காதவர்களும், டெலிவரி ஸ்லிப்பைக் கிளையில் நேரில் கொடுக்கிறவர்களும் ஆவணி எக்ஸ்பைரிக்கு முந்தைய வாரமே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே விழுந்த பற்றைப் பற்றி: விதிப்படி எக்ஸர்சைஸ் ஆனதை எந்தப் புகாரும் திருப்பாது. ஆனால் ஏல விலை, அபராதம், கட்டணம் மூன்றையும் கான்ட்ராக்ட் நோட்டோடும் லெட்ஜரோடும் வைத்துச் சரிபாருங்கள். கணக்கு இடித்தாலோ, சொன்ன நேரத்தில் ஸ்கொயர் ஆஃப் செய்யாமல் விட்டிருந்தாலோ முதலில் புரோக்கரின் குறைதீர் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். தீராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் புகார்த் தளம், அதற்கும் பிறகு இணையவழியில் சமரசம் பேசும் ஸ்மார்ட் ஓடிஆர் தளம். எக்ஸ்பைரி அன்று வந்த மார்ஜின் மெசேஜ்களையும் அவற்றின் நேரத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள், அங்கே கேட்பது அதைத்தான்.